மைக் ஆனில் இருந்தது

இல்லை அக்கா, இந்த நாற்காலியே போதும். ஃபேனை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மங்கை கடைக்குத்தானே போயிருக்கிறாள், வந்துவிடட்டும். நீங்கள் பாட்டுக்கு அவரைக்காயை ஒடித்துக்கொண்டிருங்கள். காபி அவள் வந்த பிறகு குடித்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி வருவது என்ன பெரிய யாத்திரையா. அவளுடைய டிபன் டப்பா ஒன்று என்னிடம் கிடந்தது. கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

டிபன் டப்பாவைக் கொடுக்க யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அப்படிப் பார்க்காதீர்கள்.

என்னைத் தெரிகிறதா? பிரமிளா. மங்கையும் நானும் கான்வென்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுக்கு நீங்கள் மதினி என்றால் எனக்கு அக்கா. உங்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன். பந்தியில் ஒருத்தி சாம்பாரில் உப்பே இல்லை என்று சொல்ல, உங்கள் அப்பா வாளியோடு ஓடி வந்தாரே, அது நான்தான். மெதுவாகத்தான் சொன்னேன். என் குரல் அப்படி. பேச்சுப்போட்டிக்கு என்னை மேடையில் ஏற்றி, கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று சிஸ்டர்கள் பழக்கிவிட்டார்கள். இப்போது வீட்டில் இவர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, மெதுவாகப் பேசு என்கிறார். ஒரே தொண்டையை எத்தனை பேருக்காகத் திருத்துவது?

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? ஒன்றுமேவா?

அதுதான் மங்கை. சண்டை போட்டால் போட்டுத் தொலைத்துவிட்டு இரண்டாம் நாள் பேசலாம். இவள் சண்டையே போடமாட்டாள். போனை எடுக்கமாட்டாள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதையெல்லாம் பார்க்கிறாள், நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. வீட்டுக்குப் போனால் அவள் இல்லை. அவள் வீட்டுக்காரர்தான், மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, காம்பவுண்ட் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு நாலு வார்த்தை, அதுவும் அவள் நல்லதுக்கு. மைக் ஆனில் இருந்தது, அது என் தவறா?

முதலிலிருந்தே சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூட செட் மொத்தமும் ஒரு நாள் கூடுவது என்று முடிவாயிற்று. ரோஸ்லின் என்று ஒருத்தி, எங்கள் வகுப்பு லீடர், இன்றைக்கும் தான் லீடர் என்கிற நினைப்பு. அவள்தான் ஹால் பிடித்தாள், சாப்பாடு சொன்னாள். பாட்டுக்கு டி.ஜே. ஒருவனைப் பேசச் சொல்லி என்னையும் மங்கையையும் அனுப்பினாள். போனோம். தாடி வைத்த ஒரு பையன், எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டிங்க ஃபங்ஷனா, அப்போ மெலடி மட்டும் போதும்ல, ஆட்டமெல்லாம் இருக்காதுல்ல?" என்றான். வந்ததே எனக்குக் கோபம். வெளியே வந்து, இவன் கையால் பாட்டு கேட்பதற்கு நாமே வாங்கி நாமே போட்டுக்கொள்வோம் என்றேன். அந்த யோசனை என்னுடையதுதான். சரி, வாயைத் திறந்து முதலில் சொன்னது மங்கை. ஆனால் நான் நினைத்ததைத்தான் அவள் சொன்னாள்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். போன வருடம் அவள் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. ஆஸ்பத்திரி, மருந்து, சாப்பிட்டது எதுவும் தங்காமல் வாந்தி, அப்புறம் அந்த முடி... விடுங்கள், வீட்டு மனுஷியிடம் போய் நான் விவரிக்க வேண்டுமா. அதிலிருந்து எழுந்து வந்தவள், முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அதுவும் புடவையா நகையா? ஸ்பீக்கர்.

பார்த்து அக்கா, நார் எடுக்காமலே ஒடித்துப் போடுகிறீர்கள்.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆன்லைனில் பெட்டி இரண்டு வாங்கினோம், பார்க்க ஜம்மென்று. வரவழைத்து, என் போனைச் செருகி, பாட்டைப் போட்டால் ஊமை. திருப்பித் திருப்பிச் செருகினேன், தட்டினேன், கஸ்டமர் கேர் பெண்ணை அழ வைத்தேன். கடைசியில் பார்த்தால் அது வெறும் பெட்டி. ஆம்ப்ளிஃபையர் என்று ஒன்று தனியாக வாங்கி அதற்கு உயிர் கொடுக்க வேண்டுமாம். பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஸ்பீக்கர் வேறு வகை. இதை அட்டையில் எழுதியிருக்கக்கூடாதா? எழுதித்தான் இருந்தது என்று மங்கை காட்டினாள். அவ்வளவு பொடி எழுத்தில் எழுதினால் அது எழுதியதாகுமா?

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, திருநெல்வேலி டவுனில் ஒரு கடைக்கே நேரில் போனோம். நான் ஒரே ஒரு கணக்கு வைத்திருந்தேன். எல்லாச் சாமானும் என் சின்னக் காரின் பின்பக்கம் அடங்க வேண்டும், இரண்டு பெண்கள் தூக்குகிற கனம்தான் இருக்க வேண்டும். அதில் ஒருத்தி வலது கையால் கனமே தூக்கக் கூடாது. தூக்கினால் கை வீங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா. ஆமாம் அக்கா, வலது கைதான், அந்தப் பக்கம்தானே எடுத்தார்கள். கடைக்காரர் ஒரு பூதம் மாதிரிப் பெட்டியைக் காட்டி, "மேடம், இது பேஸ் குடுத்துச்சுன்னா நெஞ்சுல வந்து இடிக்கும்" என்றார். மங்கை என் காதில், "எனக்குப் பாதி டிக்கெட்தான் போடணும்னு சொல்லுடீ" என்றாள். கடையிலேயே நான் சிரித்து, எனக்குப் புரை ஏறி, அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் அப்படித்தான், என்னிடம் மட்டும். வேறு யார் முன்னாலும் மூச்சுவிடமாட்டாள். ஐயோ பாவம் என்று ஒருத்தர் பார்த்துவிடக் கூடாது. அந்தப் பார்வையைப் பார்த்தால் ஊசி போட்ட இடமெல்லாம் திரும்ப வலிக்கிறது என்பாள். டோப்பாவைக்கூட நாங்கள் இரண்டு பேரும்தான் போய் வாங்கினோம். நல்ல டோப்பா, திருவனந்தபுரத்தில். நான் அதற்கு "மேடம்" என்று பெயர் வைத்திருந்தேன். காலையில் போன் செய்தால் "மேடம் ரெடியா, கிளம்பலாமா?" என்று கேட்பேன். அவளும் "மேடத்துக்கு இன்னைக்கு மூட் சரியில்ல, லீவு" என்பாள்.

என்ன அக்கா, முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது? வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்கள். நான் பேசிக்கொண்டே போகிறேன், அலுப்பாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கர் இரண்டு, சின்னது. அதற்கு மூன்று கால் ஸ்டாண்ட், தலைக்கு மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் முன் வரிசைக்குக் காது போகும், பின் வரிசைக்கு ஒன்றும் கேட்காது. அப்புறம் மிக்சர். சட்னி அரைப்பதில்லை, சத்தத்தைக் கலப்பது. பாட்டுக்கு ஒரு திருகு, மைக்குக்கு ஒரு திருகு. அப்புறம் லேப்டாப்போடு இணைக்கிற ஒரு பலகை, அதில் குழந்தைகள் சமையல் விளையாட்டுக்கு வைத்திருக்கும் தோசைக்கல் மாதிரி இரண்டு வட்டத் தட்டுகள். ஒரு தட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னொன்றில் அடுத்த பாட்டைத் தயாராக வைத்து, ஹெட்போனில் கேட்டு, இது இறங்க இறங்க அதை ஏற்ற வேண்டும். நடுவில் ஓட்டை விழக் கூடாது. இதெல்லாம் என் வீட்டு ஹாலில்தான். இவர் செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் வாங்கி வைத்துத் துணி காயப்போடுகிற ட்ரெட்மில்லைப் பற்றி நானும் திறந்திருப்பேன்.

முதல் நாள் மைக்கை ஆன் செய்துவிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், கீழ்த்தளத்து நாய் மாடிக்கு ஏறி வந்துவிட்டது. மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்க வேண்டுமாம். இன்னொரு நாள் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் விடாமல் வந்துகொண்டே இருந்தது. நான் வயரையெல்லாம் பிடுங்கி மறுபடி செருகிக்கொண்டிருந்தேன். மங்கை லேப்டாப்பின் சார்ஜரை மட்டும் எடுத்தாள், நின்றுவிட்டது. அவளுக்கு அந்தப் பொறுமை உண்டு. ஒன்றைத் தொட்டு, கேட்டு, பிறகு அடுத்ததைத் தொடுவாள். எனக்கு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொட்டாக வேண்டும். அதனால் தட்டுகள் அவள் பொறுப்பு, மைக்கும் அறிவிப்பும் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். சாமான் தூக்குவதில் வயர்ப் பை மட்டும் அவளுக்கு. உன் சோம்பேறித்தனத்துக்கு இதுதான் லாயக்கு என்று திட்டித்தான் கையில் கொடுப்பேன். கைக்காகத்தான் கொடுக்கிறேன் என்று காட்டிக்கொண்டால் அவள் ஸ்பீக்கரைத் தூக்கப் போய்விடுவாளே.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு. பாட்டு ஏறும்போது மைக்கின் திருகைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பாள். ஒவ்வொரு தடவையும், தவறாமல். நான் இறக்கமாட்டேன். அடுத்த நிமிஷம் மறுபடி பேச வேண்டியிருக்கும், மறுபடி ஏற்ற வேண்டும், எத்தனை தடவை ஏற்றி இறக்குவது? நான் விட்டதை அவள் கையை நீட்டி இறக்கிவைப்பாள். 

அப்புறம் அந்த நாள் வந்தது.

ஹாலில் நல்ல கூட்டம். எங்கள் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பெர்னதெத்கூட வந்திருந்தார்கள், கைத்தடியோடு, முன் வரிசையில். மங்கை கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவை, மேடத்தை நன்றாகச் சீவிக் கொண்டை போட்டு, பூ வைத்திருந்தாள். மங்கை உடம்பு வைத்துவிட்டாளே, முடி இன்னும் இப்படி அடர்த்தியா, என்ன எண்ணெய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளும் சளைக்காமல் ஒரு எண்ணெய்ப் பெயரைச் சொன்னாள். நான் மிக்சருக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தேன்.

முதல் பாட்டு போட்டாள். இரண்டாவது பாட்டு அதற்குள் அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது, எங்கே முடிந்தது எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஆட்டமெல்லாம் இருக்காது என்றானே அந்தத் தாடி, அவனைக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும். முழங்கால் வலி, மூட்டு தேய்மானம், எல்லாம் நடுவில் இறங்கிவிட்டது. ரோஸ்லின் வந்து மங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் என்னைப் பார்த்தாள். போடீ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

போனாள். அக்கா, அவள் ஆடி நான் பார்த்தது பத்தாம் வகுப்பு ஆண்டுவிழாவில். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. ஆனால் அதையும் ஒரு ஸ்டைல் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் ஆடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்து, தாங்களும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ பாட்டு முடியப்போவதை நான் கவனிக்கவில்லை. அவசரத்தில் ஓடுகிற தட்டையே நிறுத்திவிட்டேன். இன்னொரு தட்டில் பாட்டு ஏற்றவே இல்லை. ஹால் அப்படியே அமைதியாகிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் பார்க்கிறேன், ஆடின ஆட்டத்தில் டோப்பா பின்னங்கழுத்தில் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பதற்றம். "ஏய் மங்கை, டோப்பா பின்னாடி தூக்குதுடீ, பாத்து." இவ்வளவுதான் சொன்னேன். எனக்குள்ளே சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

மைக் கையில் இருந்தது. திருகு மேலே இருந்தது. இரண்டு ஸ்பீக்கரும் நான் பார்த்துப் பார்த்து வாங்கியவை, தெளிவென்றால் அவ்வளவு தெளிவு.

சிரித்துவிட்டார்கள் அக்கா, ஹால் மொத்தமும். அந்த ரோஸ்லின், "என் ஜடையில பாதி சவுரிதான், யாரும் புடிச்சு இழுத்துறாதீங்க" என்று கத்துகிறாள். இன்னொருத்தி தன் பல் செட்டைக் காட்டுகிறாள். நடுவில் மங்கை, வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அதை அமுக்கிக்கொண்டு நிற்கிறாள். தோளெல்லாம் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சாவின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவளைப் பார்த்து இந்தக் கூட்டம் பல்லைக் காட்டுகிறதே என்று.

மைக்கை வாய்க்கு நேராக வைத்தேன். "யாரும் சிரிக்காதீங்க. எதுக்கு டோப்பா வச்சிருக்கான்னு தெரியுமா உங்களுக்கு? கேன்சர். ஒரு பக்க மார்பையே எடுத்திருக்காங்க. கீமோல இருந்த முடியெல்லாம் கொட்டிப்போய், பொழைச்சு வந்து உங்க முன்னாடி ஆடுறா. வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன். அப்படியே, ஒரு வார்த்தை விடாமல். 

இதை நான் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அன்றைக்கு நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால் அவளைக் கேலிப்பொருளாக்கியிருப்பார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஓடி வந்து அவளைச் சுற்றி நின்று, கன்னத்தைத் தொட்டு, கையைத் தொட்டு, ஏன்டீ எங்ககிட்ட சொல்லல, ஏன்டீ சொல்லல என்று. சிஸ்டர் பெர்னதெத் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் வந்து, அவள் தலைமேல், அந்த டோப்பாமேலேயே கையை வைத்து ஜெபம் செய்தார்கள். நீளமான ஜெபம். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். மங்கை கைகூப்பிக்கொண்டு ஆமென் வரைக்கும் அசையாமல் நின்றாள். அப்புறம் பாத்ரூம் போகிறேன் என்று போனவள், சமையற்கட்டுப் பக்கமாக வெளியே போய் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் வயர்ப் பையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடினேன். அது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லேசாக இருக்கும் என்று நினைத்துத்தானே அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பிரார்த்தனை. ஒருத்தி முள் சீத்தாப்பழம் சாப்பிடச் சொல்கிறாள், ஒருத்தி மஞ்சளைச் சுடுதண்ணீரில் போடச் சொல்கிறாள், ஒருத்தி தன் நாத்தனாருக்கும் இதே மாதிரி வந்து, நன்றாகி, மறுபடி வந்து போய்ச் சேர்ந்த கதையை எழுதுகிறாள். மங்கை குரூப்பை விட்டே போய்விட்டாள்.

எனக்கும் மனது சரியில்லை அக்கா. பொய் சொல்லவில்லை. ஸ்பீக்கர் இரண்டும் ஹாலில் மூலையில் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என்னவோ செய்கிறது. பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். மூடினால் இரண்டு பேர் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, அதையும் எடுத்துவிட்டேன். சமைக்கும்போது பாட்டு போடுவதில்லை. இவர்கூட, என்ன வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்டார். இருபத்தைந்து வருடமாக அமைதி வேண்டும் என்று கேட்ட மனிதர்.

உறுத்துவது என்னவென்றால் அந்த டோப்பா என்கிற வார்த்தை. விக் என்று சொல்லியிருக்கலாம். முடி என்றேகூடச் சொல்லியிருக்கலாம், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். பஸ்ஸில் கோவில்பட்டி வரை அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மங்கை, நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது, மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது, ஆனால் அதற்கப்புறம் உனக்காக நான்தானே நின்றேன், அதை நினைத்துப் பார். இப்படிச் சொன்னால் அவளுக்குப் புரியும் அல்லவா? நீங்கள் எடுத்துச் சொன்னால் இன்னும் கேட்பாள். மதினி என்றால் அவளுக்கு அவ்வளவு...

ஏன் அக்கா, என்ன ஆயிற்று? எதற்கு அழுகிறீர்கள்?

நான் உங்களை வருத்தப்படுத்த வரவில்லை. இப்போதுதான் நன்றாக இருக்கிறாளே. டாக்டரே சொல்லிவிட்டார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்று. உங்களிடமும் சொல்லியிருப்பாள்.

என்னது?

கர்ப்பப்பை ஆபரேஷனா? யார் சொன்னது, மங்கையா? அண்ணனிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாளா?

இல்லை அக்கா, நான் எப்படி... அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அண்ணன் வீட்டில் சொல்லாமலா இருப்பாள் என்று நினைத்தேன். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் தெரியும் என்றுதான் அப்போது என்னிடம் சொன்னாள். அது நானும் அவள் வீட்டுக்காரரும் மட்டும்தான் என்று சொல்லவில்லையே.

அப்போது தலையில் இருப்பது... நிஜ முடி என்று நினைத்தீர்களா. வெள்ளிக்கிழமை நீங்களே பூ வைத்துவிட்டீர்களா. அவளும் தலையைக் குனிந்து காட்டினாளா.

இங்கே எப்படி இருந்தாள் அக்கா? சிரித்துப் பேசினாளா? அண்ணனோடு சீட்டு விளையாடினாளா. தோற்றால் சண்டை போட்டாளா. ஓ.

அதற்குத்தான் வந்திருக்கிறாள். விஷயம் தெரியாத வீடாக ஒன்று வேண்டும் என்று. இருந்தது இந்த ஒரு வீடுதான்.

இன்றைக்கு மைக் கூட இல்லை அக்கா.

இங்கே யார் சிரித்தார்கள் நான் அதட்ட? நீங்கள் பாட்டுக்குக் காய் ஒடித்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் உங்கள் கை தடுமாறியது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டு நாரை எடுங்கள் என்று சொன்னேன். அன்றைக்கும் அவள் தோள் குலுங்கியது, அதையும் பார்த்தேன். ரோஸ்லின் சவுரியைச் சொன்னதும் அவள்... அழுதாள் என்று எதை வைத்து நினைத்தேன்? முகத்தை நான் பார்க்கவே இல்லையே.

கேட் சத்தமா அது?

அவள்தான். அக்கா, எழுந்திருக்காதீர்கள். முதலில் கண்ணைத் துடையுங்கள். முந்தானையால் இல்லை, சிவந்துபோகும், தண்ணீரைத் தொட்டுத் துடையுங்கள். வேண்டாம், வாசலுக்கு ஓடிக் கட்டிப்பிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். அவரைக்காயை எடுங்கள். நாரோடு இருந்தால் இருக்கட்டும். கடையில் என்ன கிடைத்தது, கொத்தமல்லி வாங்கினாயா என்று கேளுங்கள். வாங்காமல் வந்திருந்தால் வழக்கம்போலத் திட்டுங்கள். அண்ணனிடம் சொல்லாதீர்கள். சொல்வதா வேண்டாமா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும், இந்த ஒன்றையாவது.

செருப்பைக் கழற்றுகிறாள்.

வா மங்கை. இப்போதுதான் வந்தேன், சும்மாதான். இல்லையே, ஒன்றும் பேசவில்லை. அக்காவும் நானும் அவரைக்காய் ஒடித்துக்கொண்டிருக்கிறோம்.

அக்கா, மெதுவாகத்தான் சொல்கிறேன், தலையைப் பார்க்காதீர்கள். கையில் இருக்கிற பையை வாங்குங்கள்.